கணக்கில் புலியான அப்பா பங்குச் சந்தைக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: எங்கள் ஊர் குன்னம் வட்டத்தில் இருக்கிறது. வேலைக்கு அரியலூர் போய் வருகிறேன். அப்பா மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிறவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டாலும் ஏலச்சீட்டுக் கணக்கை மனசுக்குள்ளேயே போட்டுச் சொல்லிவிடுவார். ஆனால் பங்குச் சந்தை என்றால் “சூதாட்டம்” என்று சொல்லி எழுந்து போய்விடுவார். தம்பி டிப்ளமோ படித்தவன். போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு ஆப்ஷன் டிரேடிங் செய்தான், சேர்த்து வைத்திருந்த பணம் போய்விட்டது. நிதி அறிவு கூடினால் மக்கள் பங்குச் சந்தைக்கு வருவார்கள் என்று எங்கும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் நிதி அறிவு யாருக்கு இருக்கிறது? சந்தைக்கு வராத அப்பாவுக்கா, வந்து கையைச் சுட்டுக்கொண்ட தம்பிக்கா?

— ஒரு வாசகி, பெரம்பலூர் மாவட்டம்

பதில்: இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியை ஒரே வீட்டுக்குள் வைத்துக் கேட்டுவிட்டீர்கள். யாருக்கு அறிவு என்ற தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளிப் போடுகிறேன். அதற்கு முன்னால் வழியில் கிடக்கும் இரண்டு மூன்று தவறான எண்ணங்களை அப்புறப்படுத்தியாக வேண்டும்.

கிராமத்து ஆளுக்குக் கணக்கு வராது, அதனால்தான் சந்தைக்கு வருவதில்லை என்பது முதல் எண்ணம். உங்கள் அப்பாவே இதற்கு மறுப்பு. 20 பேர் சேர்ந்து மாதம் 5,000 ரூபாய் கட்டும் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாலாவது மாதம் ஒருவர் 25,000 தள்ளி எடுக்கிறார் என்றால் அவர் கைக்கு வருவது 75,000. தள்ளிய தொகையை 20 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,250. ஆகவே அந்த மாதம் 3,750 கட்டினால் போதும். இப்படி மாதாமாதம் மாறும் தள்ளை எல்லாம் கூட்டி, கடைசி வரை இருந்து எடுத்தால் என்ன கிடைக்கும், இப்போதே எடுத்து விதை வெங்காயம் வாங்கினால் என்ன கிடைக்கும் என்று மனசுக்குள் ஒப்பிட்டுப் பார்க்கிறவருக்கு, ஒரு கம்பெனியின் வரவு செலவைப் புரிந்துகொள்வது எட்டாத காரியமே அல்ல. “ரெண்டு வட்டி” என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம், கட்டாமல் அசலோடு ஏற விட்டால் கிட்டத்தட்ட 27 என்பதும் அவருக்குத் தெரியாமல் இருக்காது.

இரண்டாவது எண்ணம், இவர்கள் ரிஸ்க்குக்குப் பயந்தவர்கள் என்பது. இதைச் சொல்கிறவர் செட்டிகுளம் பக்கம் ஒரு நாளாவது போய் நின்று பார்க்க வேண்டும். வெங்காயத்தைப் பட்டறையில் போட்டு வைத்து, விலை ஏறுமா, அதற்குள் அழுகிவிடுமா என்று காத்திருக்கிற விவசாயி, பங்குத் தரகர்கள் பலரைவிடப் பெரிய ஏற்ற இறக்கத்தைத் தாங்குகிறார். 2018-ல் படைப்புழு வந்து பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளத்தைத் தின்று தீர்த்தது. அடுத்த பட்டத்திலும் அதே நிலத்தில் விதை போட்டார்கள். இவர்களைப் பயந்தவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது எண்ணம், அது பணக்காரர் விவகாரம் என்பது. இதற்கு ஆதாரமாக எல்லோரும் காட்டும் உதாரணம் உங்கள் மாவட்டத்திலேயே, நாரணமங்கலத்தில் டயர் செய்துகொண்டிருக்கிறது. 2023 ஜூன் 13-ம் தேதி எம்.ஆர்.எஃப். பங்கு ஒன்றின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. இந்தியாவில் அதற்கு முன் எந்தப் பங்கும் அந்த விலையைத் தொட்டதில்லை. செய்தியைப் பார்த்தவர்கள், ஒரு பங்குக்கே ஒரு லட்சமா, நமக்கு ஆகாது என்று டி.வி.யை அணைத்திருப்பார்கள். அந்த விலைக்குக் காரணம் வேறு. எம்.ஆர்.எஃப். கம்பெனி மொத்தமும் சுமார் 42 லட்சம் பங்குகளாகத்தான் பிரிக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு பெரிய கம்பெனிக்கு அது மிகக் குறைவான எண்ணிக்கை. மற்ற கம்பெனிகள் விலை ஏற ஏறப் பங்கைச் சிறு பங்குகளாக உடைப்பது வழக்கம், இவர்கள் அதைச் செய்யவில்லை. ஒரு பங்கைப் பத்தாக உடைத்திருந்தால் விலை பத்தாயிரம் ஆகியிருக்கும், கம்பெனியின் மதிப்பு அதேதான். ஒரு பங்கின் விலையை மட்டும் வைத்துக் கம்பெனி விலை கூடியதா மலிவா என்று சொல்லவே முடியாது. இன்னொரு பக்கம், பலருடைய பணத்தைத் திரட்டிப் பல கம்பெனிகளின் பங்குகளில் போடும் மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 250 ரூபாய் போடும் திட்டத்தைக்கூட 2025-ல் ஸ்டேட் பேங்க் குழுமத்தின் ஃபண்ட் நிறுவனம் கொண்டுவந்தது. ஆகப் பணமும் தடை இல்லை.

அப்படியானால் தடைதான் என்ன?

நெதர்லாந்தில் மார்ட்டன் வான் ரோய், அன்னமரியா லுசார்டி, ராப் அலெசி என்ற மூவர் குடும்பங்களின் பண அறிவை அளந்து 2011-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அறிவை இரண்டு தட்டாகப் பிரித்ததுதான் அவர்கள் செய்த நல்ல காரியம். கீழ்த்தட்டு அடிப்படைக் கணக்கு: வட்டி, வட்டிக்கு வட்டி, விலைவாசி. மேல்தட்டில் பங்கு என்றால் என்ன, கடன் பத்திரத்திலிருந்து அது எப்படி வேறுபடுகிறது, ஒரே பங்கில் போடுவதற்கும் பலவற்றில் பிரித்துப் போடுவதற்கும் என்ன வித்தியாசம் என்பவை. கீழ்த்தட்டுக் கேள்விகளில் பலர் தேறினார்கள். மேல்தட்டில் பலர் வழுக்கினார்கள். சந்தைக்கு வருவதும் வராததும் அந்த மேல்தட்டை ஒட்டியே வலுவாக மாறியது. உங்கள் அப்பா கீழ்த்தட்டில் நூற்றுக்கு நூறு வாங்குவார், மேல்தட்டுப் பாடத்தை அவருக்கு யாரும் எடுக்கவே இல்லை என்பது என் ஊகம்.

இங்கே நீங்கள் ஒரு குறுக்குக் கேள்வி போடலாம். அறிவு இருந்ததால் பங்கு வாங்கினார்களா, வாங்கிப் பட்ட பிறகு அறிவு வந்ததா? ஆய்வாளர்களும் இதில் மாட்டிக்கொண்டுதான் விழித்தார்கள். தப்பிக்க அவர்கள் கண்டுபிடித்த வழி உங்களுக்குச் சிரிப்பு வரவழைக்கும். உடன்பிறந்தவர்களில் மூத்தவரின் பண நிலைமை எப்படி, பெற்றோருக்குப் பண விவகாரம் எவ்வளவு புரியும் என்று கேட்டார்கள். வீட்டில் மற்றவர் பட்டதைப் பார்த்து ஒருவருக்கு வரும் அறிவு, அவர் தானே பங்கு வாங்கியதால் வந்த அறிவு ஆகாது அல்லவா? அந்த வகை அறிவை மட்டும் பிரித்துப் பார்த்தபோதும் அறிவுள்ளவர்களே கூடுதலாகப் பங்கு வைத்திருந்தார்கள். அப்பாவைப் பற்றியும் தம்பியைப் பற்றியும் எழுதிய நீங்கள், அவர்கள் பாணியிலேயே கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள்.

உலகம் முழுக்க நிதி அறிவை அளக்க லுசார்டியும் ஒலிவியா மிட்செலும் வகுத்த மூன்று கேள்விகள் உண்டு. முதலாவது வட்டிக் கணக்கு. இரண்டாவது பணவீக்கம், அதாவது விலைவாசி ஏற ஏறப் பணத்தின் வாங்கும் சக்தி குறைவது. வருடம் 6 சதவீதம் விலை ஏறினால், பெட்டியில் வைத்த ஒரு லட்சம் 12 வருடத்தில் இன்றைய அரை லட்சத்துக்கான பொருளைத்தான் வாங்கும். ஒரே ஒரு கம்பெனிப் பங்கை வாங்குவது, பல கம்பெனிப் பங்குகள் அடங்கிய ஃபண்டை வாங்குவதைவிடப் பாதுகாப்பானதா என்பது மூன்றாவது. “பாதுகாப்பானது இல்லை” என்பது சரியான விடை. இந்த மூன்றாவதில்தான் உலகம் முழுக்கத் தடுமாறுகிறார்கள், படித்தவர்கள் உட்பட.

உங்கள் பகுதியில் இந்த மூன்றாவது கேள்விக்குத் தனி முக்கியத்துவம் இருக்கிறது. அரியலூரின் சுண்ணாம்புக்கல்லை நம்பி கோவிந்தபுரத்தில் ராம்கோ, ரெட்டிப்பாளையத்தில் அல்ட்ராடெக், தளவாயில் இந்தியா சிமெண்ட்ஸ் என்று ஆலைகள் நிற்கின்றன. டால்மியாவும் இருக்கிறது. இவை எல்லாம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவை, அதாவது யார் வேண்டுமானாலும் பங்கு வாங்கலாம். (அரசு சிமெண்ட் ஆலைக்கு அது கிடையாது. அதன் சொந்தக்காரர் அரசுதான்.) ஆலைக்கு லாரி ஓட்டுகிறவர்கள், நிலம் விற்றவர்கள், தூசியைச் சுவாசிக்கிறவர்கள் நிறைய. பங்கு வைத்திருப்பவர்கள் அவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? சரி, நம்ம ஊர்க் கம்பெனி, நமக்குத் தெரிந்த கம்பெனி என்று ஒருவர் அந்தப் பங்கையே வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குச் சம்பளம் சிமெண்டில், வீட்டு வாடகை வருமானம் சிமெண்ட் ஆலை ஊழியரிடமிருந்து, இப்போது சேமிப்பும் சிமெண்டில். சிமெண்ட் விலை சரிந்தால் மூன்றும் ஒரே நாளில் அடி வாங்கும். பக்கத்தில் இருப்பதைப் பாதுகாப்பு என்று நினைப்பது அமெரிக்காவிலும் உண்டு. அங்கே டெலிபோன் கம்பெனிகள் வட்டார வாரியாகப் பிரிந்திருந்தபோது மக்கள் தங்கள் வட்டாரக் கம்பெனியின் பங்கையே அதிகம் வைத்திருந்ததை குர் ஹூபர்மன் 2001-ல் எழுதினார். பங்கைப் பற்றித் தெரிந்துகொள்ளும்போதே பரவலாக்கம், அதாவது பணத்தைத் தொடர்பில்லாத பல தொழில்களில் பிரித்துப் போடுவது, கூடவே தெரிந்தாக வேண்டும். பாதி தெரிந்தால் இந்த மாதிரித்தான் ஆகும்.

அறிவு மட்டும் போதுமா என்றால் போதாது. லூயிஜி குய்சோ, பாவோலா சபியென்சா, லூயிஜி சிங்காலெஸ் என்ற மூவர் 2008-ல் காட்டியது இது: பிறரை நம்பும் பழக்கம் குறைந்தவர்கள் பங்குச் சந்தைக்கு வருவது குறைவு, பணம் இருந்தாலும் சரி. உங்கள் அப்பாவின் “சூதாட்டம்” என்ற சொல்லை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். நிலம் வாங்கித் தருகிறோம் என்று பணம் திரட்டிய பி.ஏ.சி.எல். நிறுவனம் 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2014 ஆகஸ்டில் உத்தரவிட்டது. பணம் போட்டவர்கள் 5 கோடிக்கும் மேல். 2012-ல் கொங்குப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் கவிழ்ந்தன. டெபாசிட் போட்டு ஏமாந்தவர்களைக் காப்பாற்ற 1997-லேயே தமிழ்நாடு தனிச் சட்டம் போட வேண்டி வந்தது என்றால் அனுபவம் எவ்வளவு பழையது என்று தெரியும். இவற்றில் எதுவும் பங்குச் சந்தை அல்ல. ஆனால் ஏமாந்தவர் மனதில் “முகம் தெரியாதவனிடம் காகிதத்துக்குப் பணம் கொடுப்பது” என்ற ஒரே கணக்கில் எல்லாம் ஏறிவிடுகிறது. சீட்டு நடத்துகிறவர் ஓடினாலும் அவர் வீடு எந்தத் தெருவில் என்று தெரியும்!

சந்தேகத்தைப் போக்குவது அறிவுரையால் ஆகாது, ஏற்பாடு எப்படி என்று தெரிந்தால் ஆகும். உதாரணமாக, வாங்கிய பங்கு தரகரின் பெட்டியில் இருப்பதில்லை. மின்னணு வடிவில், என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். என்ற இரண்டு காப்பகங்களில் ஒன்றில், உங்கள் பெயரிலேயே இருக்கும். அந்தக் கணக்குக்குத்தான் டீமேட் கணக்கு என்று பெயர். தரகர் கடையை மூடினாலும் பங்கு உங்களுடையது. இந்த ஒரு விஷயத்தை உங்கள் அப்பாவிடம் யாராவது சொல்லியிருப்பார்களா?

இனி தம்பி. கதையின் சிக்கலான பாதி இவர்.

2020 மார்ச்சில் நாட்டில் டீமேட் கணக்குகள் சுமார் 4 கோடி. 2024 மார்ச்சில் 15 கோடிக்கு மேல். ஒருவரே இரண்டு மூன்று கணக்கு வைத்திருப்பார் என்றாலும் பெரிய பாய்ச்சல்தான். நான்கு வருடத்தில் நாட்டின் நிதி அறிவு நான்கு மடங்கு ஆகிவிட்டதா என்றால் யாரும் ஆமாம் சொல்ல மாட்டார்கள். கூடியது போன், மலிவான டேட்டா, பத்து நிமிடத்தில் திறக்கும் கணக்கு, ஊரடங்கில் கிடைத்த ஓய்வு. செபி 2025-ல் வெளியிட்ட முதலீட்டாளர் கணக்கெடுப்பில் 63 சதவீதக் குடும்பங்கள் பங்கு, ஃபண்டு போன்ற ஏதாவது ஒன்றைக் கேள்விப்பட்டிருந்தன. பணம் போட்டவை 9.5 சதவீதம், கிராமங்களில் 6. கேள்விப்படுவது, புரிந்துகொள்வது, இறங்குவது மூன்றும் தனித்தனி. உங்கள் தம்பி நடுவிலிருப்பதைத் தாண்டிக் குதித்தவர்.

ஆப்ஷன் என்பது, ஒரு பங்கோ குறியீட்டெண்ணோ குறித்த நாளில் குறித்த விலைக்கு மேலே இருக்குமா கீழே இருக்குமா என்பதை வைத்து எழுதும் ஒப்பந்தம். அதை வாங்கக் கட்டும் தொகை பிரீமியம். நினைத்தது குறித்த நாளுக்குள் நடக்காவிட்டால் பிரீமியம் முழுவதும் பூஜ்யம். நினைத்தது சரியாக இருந்து, இரண்டு நாள் தாமதமாக நடந்தாலும் பூஜ்யம்தான். பங்கு வாங்கியவருக்குக் கம்பெனியின் லாபத்தில் உரிமை உண்டு, கம்பெனி வளர்ந்தால் வாங்கியவர்கள் எல்லோரும் சேர்ந்தே லாபம் பார்க்க முடியும். ஆப்ஷனில் ஒருவர் எடுப்பது இன்னொருவர் விட்டது. தரகும் வரியும் கட்டணமும் வேறு வெளியே போய்விடுவதால், ஆடுகிற எல்லோருக்கும் சேர்த்துப் பார்த்தால் போட்டதைவிட எடுப்பது குறைவு. அப்பா சொன்ன அந்தச் சொல் இந்த மூலைக்கு ஓரளவு பொருந்தத்தான் செய்கிறது. சந்தை முழுவதற்கும் பொருந்தாது.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட கணக்கைத் தம்பிக்குக் காட்டுங்கள். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று வருடங்களில் இந்த வகை வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம். செலவுகள் சேர்த்து ஆளுக்குச் சராசரியாக 2 லட்சம் ரூபாய். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கும் மேல். ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1 சதவீதம். 2023-24-ல் ஆடியவர்களில் 43 சதவீதம் பேர் 30 வயதுக்குக் கீழ். முக்கால்வாசிப் பேர் வருட வருமானம் 5 லட்சத்துக்கும் குறைவு என்று சொன்னவர்கள். 72 சதவீதத்துக்கும் மேல் முதல் 30 பெருநகரங்களுக்கு வெளியே இருந்து வந்தவர்கள், அதாவது பெரம்பலூர், அரியலூர் மாதிரி ஊர்கள். பங்குச் சந்தை பெருநகரத்தாருடையது என்ற பழைய பேச்சை, நட்டக் கணக்காவது பொய்யாக்கிவிட்டது. 2024 நவம்பரிலிருந்து செபி ஒப்பந்த அளவைக் கூட்டியது, வாராவாரம் முடியும் ஒப்பந்தங்களைக் குறைத்தது. ஆனாலும் அடுத்த வருடமும் பத்தில் ஒன்பது பேர் நட்டத்தில்தான் முடித்தார்கள்.

உங்கள் தம்பிக்குத் தெரிந்தது பொய் என்று சொல்லவில்லை. வரைபடத்தில் கோடு போடுவது, ஸ்டாப் லாஸ் வைப்பது (விலை இன்ன அளவுக்கு இறங்கினால் தானாக விற்கச் சொல்வது) எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். எப்படி வாங்குவது என்று கற்றிருக்கிறார். எதை வாங்குகிறோம், எதிர்ப்பக்கம் விற்கிறவர் யார் என்பது அந்த வீடியோக்களில் வராது. ஒருவர் தனக்குத் தெரியும் என்று நம்புவதும் அவருக்கு உண்மையில் தெரிந்ததும் ஒரே அளவில் இருந்தால் நல்லது. முதலாவது மட்டும் வளர்ந்தால், சந்தையில் பங்கேற்பு கூடும், கையிருப்பு குறையும்.

ஆக உங்கள் கேள்விக்கு விடை: அப்பாவிடம் பாதி அறிவு இருக்கிறது, தம்பியிடம் வேறொரு பாதி. விதைக்கும் உரத்துக்கும் வைத்திருக்கும் பணத்தை அப்பா பங்கில் போடாதது அறியாமை அல்ல, நல்ல நிதி அறிவு. 2020 ஜனவரியில் 42,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் (சந்தையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறியீட்டெண்) மார்ச்சில் 26,000-க்குக் கீழே கிடந்தது. அந்த நேரத்தில் உர மூட்டைக்குப் பணம் வேண்டி விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஏழெட்டு வருடம் தொட வேண்டாத பணத்துக்குத்தான் சந்தை. அப்படி ஒரு பணம் அவரிடம் இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். இல்லை என்றால் அவர் வராததே சரி, அதை நிதி அறிவின்மை என்று எந்தக் கணக்கெடுப்பு சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கல்லூரி அரங்கில் ஒருநாள் கூட்டம் போட்டால் இதெல்லாம் சரியாகிவிடுமா என்றும் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். இப்போதே சொல்லிவிடுகிறேன். டேனியல் பெர்னாண்டஸ் குழுவினர் 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-ல் எழுதினார்கள். நிதிக் கல்வி வகுப்புகளால் மக்கள் நடந்துகொள்ளும் விதத்தில் வந்த மாற்றம் மிக மிகச் சொற்பம், அதுவும் ஒன்றரை இரண்டு வருடத்தில் கரைந்துவிடுகிறது. முடிவு எடுக்கப் போகும் நேரத்தில், அந்த முடிவுக்கு வேண்டியதை மட்டும் சொல்லித் தருவதே மேல் என்பது அவர்கள் பரிந்துரை. நிலம் விற்ற பணமோ பணி ஓய்வுப் பணமோ கைக்கு வரும் வாரத்தில் ஒருவருக்குப் புரியும் பாடம், ஆறு வருடத்துக்கு முன் கேட்ட கூட்டத்தில் புரிந்திருக்காது.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு நேரம் வந்தால், பணம் கட்டும் முன் அந்தத் தரகரோ ஆலோசகரோ செபியில் பதிவு பெற்றவரா என்று செபி இணையதளத்தில் பெயரையும் பதிவு எண்ணையும் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. சந்தேகம் கேட்க 1800 266 7575 என்ற கட்டணமில்லாத எண் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, ஆப் ஒன்றை இறக்கச் சொல்லி, தனிநபர் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அது பங்குச் சந்தையே அல்ல. அனுப்பிவிட்டிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், பணம் கைமாறிப் போவதற்குள் முடக்க வழி உண்டு.